டொம்பியூரிஃபை: மும்மொழித் தளங்களுக்குப் பொருந்துமா?

கொழும்பில் இணையத்தளம் அமைப்போரிடம் வரும் வேலைகளில் கணிசமானவை மும்மொழித் தளங்களே. வெளியார் எழுதி அனுப்புவதைத் தடித்த எழுத்து, இணைப்பு, படம் ஆகியவற்றோடு பக்கத்தில் காட்ட வேண்டிய இடங்களில், அதற்குள் ஒளிந்துவரும் ஸ்கிரிப்ட் பார்வையாளரின் உலாவியில் இயங்கி அவருடைய கணக்கையே கைப்பற்றக்கூடும். கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் எனப்படும் இந்தத் தாக்குதலுக்கு எதிராக நாங்கள் நம்பியிருப்பது, பெர்லினின் கியூர்53 நிறுவனம் 2014 முதல் இலவசமாக வழங்கிவரும் டொம்பியூரிஃபை லைப்ரரி, அதாவது அத்தகைய உள்ளடக்கத்தைச் சுத்திகரிக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு. எளிய குறியீடுகளோடு எழுதப்படும் மார்க்டவுன் உரையை எச்டிஎம்எல்லாக (வலைப்பக்கங்கள் எழுதப்படும் மொழி) மாற்றும் மார்க்ட் போன்ற லைப்ரரிகள் தம் வெளியீட்டைச் சுத்திகரிப்பதில்லை என்பதால், அவற்றோடும் இது தேவைப்படுகிறது.

ஆபத்தான சொற்களைத் தேடி வெட்டும் வடிகட்டிகளைப் போலன்றி, இது உலாவியின் சொந்தப் பகுப்பாய்வியைக் கொண்டே எச்டிஎம்எல்லைக் கிளைவிடும் மரம் போன்ற கட்டமைப்பாக (டொம்) விரித்து, அனுமதிப் பட்டியலில் இல்லாத குறிகளையும் (டேக்) அவற்றின் பண்புகளையும் நீக்குகிறது. எழுத்துப் பகுதியில் கைவைப்பதில்லை. சிங்களத்தில் ‘ஸ்ரீ’ முதலான கூட்டெழுத்துகளை இணைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியையும் சந்தேகித்து அகற்றிவிடும் எளிய வடிகட்டிகள் நம் நாட்டுக்கு ஏற்றவை அல்ல. இந்த ஒரு காரணத்துக்காகவே டொம்பியூரிஃபையை நான் முன்னிறுத்துவேன்.

இதன் உண்மையான பலவீனம் சுத்திகரித்த பின்னர்தான் தொடங்குகிறது. வெளியீடு மீண்டும் ஒரு சரமாக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக மாறி, இன்னொரு முறை பகுக்கப்படும்போது மரம் வேறு வடிவம் எடுக்கலாம். 2020இல் வெளியான ஒரு தாக்குதல், ஒன்றுக்குள் ஒன்றான படிவங்களையும் கணிதக் குறிகளையும் கொண்டு இந்த மாற்றத்தையே பயன்படுத்தியது, டொம்பியூரிஃபையின் 2.0.17 பதிப்பில் அது அடைக்கப்பட்டது. பக்கங்களை இயக்கப் பல தளங்கள் பயன்படுத்தும் இன்னொரு லைப்ரரி ஜேகுவெரி. அதே ஆண்டு ஏப்ரலில் அதன் 3.5.0 பதிப்பு வரும்வரை, அது தன்னிடம் தரப்பட்ட எச்டிஎம்எல்லில் தானே மூடிக்கொள்ளும் குறிகளைத் திறப்பும் மூடலுமாகப் பிரித்து எழுதியதால், முறையாகச் சுத்திகரித்த உள்ளடக்கமும் அதன் கையில் ஆபத்தானதாக மாற இடமிருந்தது. பழைய ஜேகுவெரியைச் சுமந்து நிற்கும் தளத்தில் டொம்பியூரிஃபையை மட்டும் நிறுவிவிட்டு நிம்மதியடைவதை என்னால் ஏற்க முடியாது. வாடிக்கையாளர் தயங்கினாலும் இரண்டையும் சேர்த்தே புதுப்பிக்குமாறு வற்புறுத்த வேண்டும். வெளியீட்டைச் சரமாகப் பெறாமல், ஏற்கெனவே விரித்த மரத்தின் பகுதியாக, அதாவது டொம் துண்டாகவே பெற்றுப் பக்கத்தில் இணைக்கும் தெரிவும் உண்டு. மறுபகுப்பு நிகழாத அந்த வழியே எனக்கு மிகவும் பிடித்தது.

அமைப்புத் தெரிவுகள் ஏராளம்; ஆவணம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் அனுமதிப் பட்டியலை விரிக்கும் தெரிவுகளைப் புதியவர்கள் தொடாதிருப்பது நல்லது. சேவையகத்தில் இயக்குவோர், உலாவியின் டொம்முக்கு அங்கே மாற்றாக நிற்கும் ஜேஎஸ்டொம் லைப்ரரியின் 20 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பையே வைத்திருக்க வேண்டும், ஏனெனில் 19.0.0இல், டொம்பியூரிஃபை தன் வேலையைப் பிழையின்றிச் செய்தாலும் தாக்குதல் நுழையக்கூடிய வழிகள் இருந்ததாக டொம்பியூரிஃபையின் ஆவணமே எச்சரிக்கிறது.