பெரணிச் செடி கேப்சூல்: 49 நாள் விழுங்கிப் பார்த்தேன்

பாளையங்கோட்டையில் 22 ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியை. வெயில் எனக்குச் சம்பளத்தோடு சேர்ந்து வருவது. இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்து ஏழெட்டு வருடமாகிறது. சன்ஸ்கிரீன் பூசினால் கபடி ஆட்டம் முடிவதற்குள் வேர்வையோடு வழிந்து கண்ணில் எரியும். என் புலம்பலைக் கேட்டுச் சலித்த மகள், "கிரீமே வேண்டாம் அம்மா, தினம் ஒன்று விழுங்கினால் போதுமாம்" என்று இணையத்தில் இரண்டு டப்பா வாங்கித் தந்தாள். டப்பாவுக்கு 30 கேப்சூல், 1,350 ரூபாய்.

உள்ளே இருப்பது பாலிபோடியம் லூக்கோட்டோமோஸ் என்ற பெரணியின் இலைச் சாறு, 240 மில்லிகிராம். மத்திய, தென் அமெரிக்காவில் வளரும் செடி. வெயில் பட்டுத் தோல் சிவப்பதை இது ஓரளவு குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே சரக்கு பொய் என்று சொல்ல மாட்டேன். என் கோபமெல்லாம் டப்பாவின் மேல்தான். முன்பக்கம் தங்க எழுத்தில் 'உள்ளிருந்தே சன்ஸ்கிரீன்'. பின்பக்கம், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினால், 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்று எறும்பு வரிசை.

முன்பக்கத்தை நம்பி முதல் மாதம் கிரீமைத் தொடவில்லை. மாவட்டத் தடகளப் போட்டிக்கான பயிற்சி, தினமும் மூன்று மணி நேரம் மைதானம். முப்பதாம் நாள் குளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்க்கிறேன், கழற்றி வைத்த விசில் கயிறு இன்னும் கழுத்தில் கிடக்கிறது! கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுப்பு, இரு பக்கமும் கருப்பு. மங்கு வேறு ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருந்தது.

தோல் மருத்துவர் டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது தாளிப்பு, டீச்சர். குழம்பு எங்கே?" என்றார். மங்குக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் ஆகாதாம். அதனால் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சன்ஸ்கிரீனை எழுதிக் கொடுத்தார். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. சன்ஸ்கிரீனுக்கு ஈடான மாத்திரை எதுவும் கிடையாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018லேயே எச்சரித்திருப்பதைப் பிறகுதான் படித்தேன். அதே எச்சரிக்கை இந்த டப்பாவுக்கும் பொருந்தும்.

அடுத்த 19 நாள் கிரீம், தொப்பி, கேப்சூல் மூன்றும். கருப்பு கொஞ்சம் மட்டுப்பட்டது. அந்தப் பெருமையைக் கேப்சூலுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வெறும் வயிற்றில் போட்ட இரண்டு நாள் குமட்டியது. இட்லிக்குப் பிறகு போட்டால் தொந்தரவில்லை.

தக்காளி விழுதை ஆலிவ் எண்ணெயோடு தினம் 40 கிராம் பத்து வாரம் சாப்பிட்டவர்களுக்கும் தோல் சிவப்பது குறைந்ததாக 2001இல் ஒரு ஜெர்மன் ஆய்வு உண்டு. அந்தக் கணக்கில் எங்கள் வீட்டுத் தக்காளித் தொக்குக்கும் ஒரு தங்க எழுத்து டப்பா செய்யலாம்.

கிரீம் பூசுகிறவர்கள் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், பணம் இருந்தால். நான் இன்னொரு டப்பா வாங்கப்போவதில்லை. மீதி 11 கேப்சூலைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். மூடியைத் திறந்துவிட்டீர்களே என்றார்கள்.