மிதவையில் திரும்பும்போது: உள்ளாலா, வெளியாலா, பின்னாலா?

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிகிற கையோடு சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று நன்றாக எழும்பிவிடும். முல்லைத்தீவுக் கரையில் கடலைப் பார்த்து நின்றால் காற்று முதுகில் அடிக்கும். எங்கள் ஊர்ப் பாய்ப்படகு ஓட்டப் போட்டிக்கு அது போதும். வெளியே கொடி கட்டிய மிதவை ஒன்று. அதை இடக்கைப் பக்கம் விட்டுச் சுற்றிக் கரைக்குத் திரும்ப வேண்டும். போவது சுகம். வருவதுதான் பாடு, காற்றை வெட்டி வெட்டி ஏற வேண்டும். ஆனால் நான் பார்த்த அளவில், தோற்பவர் பெரும்பாலும் அந்த மிதவையிலேயே தோற்றுவிடுகிறார்.

நாலைந்து படகு ஒன்றாக வந்து சேர்ந்தால் மூன்று வழிதான்: மிதவைக்கும் மற்றப் படகுக்கும் நடுவே உள்ளால் நுழைவது, மற்றவர்களுக்கு வெளியால் சுற்றுவது, பின்தங்கி நிற்பது.

உள்ளால் போவது ராசாவின் வழி, உரிமை இருந்தால். பாய்ப்படகுப் போட்டிகளுக்கான சர்வதேச விதிப்புத்தகத்தில் (இப்போது 2025–2028 பதிப்பு) 18ஆம் விதி இதைப் பேசுகிறது. மிதவையைச் சுற்றி மூன்று படகு நீளத்துக்கு ஒரு வட்டம். 18 அடிப் படகென்றால் 54 அடி. முதல் படகு அந்த வட்டத்தைத் தொடும்போது இரண்டு படகும் பக்கவாட்டில் ஒன்றையொன்று மேவி நின்றால், அதாவது பின்னால் வருவதன் மூக்கு முன்னால் போவதன் பின்புறத்தைத் தாண்டி நின்றால், உள்ளே நிற்பவருக்கு மற்றவர் இடம் விட வேண்டும். முழுதாக முன்னே போய்விட்டவருக்குப் பின்னால் வருபவர் இடம் விட வேண்டும். வட்டத்துக்குள் வந்தபிறகு அணியத்தை (படகின் மூக்கை) உள்ளே நுழைத்துவிட்டு 'இடம் விடு' என்று கத்துவதில் பயனில்லை. இடம் விடாமல் தப்புச் செய்தவருக்குப் படகை இரண்டு சுற்றுச் சுற்றுகிற தண்டனை, மிதவையில் முட்டினால் ஒரு சுற்று.

வெளியால் போவதுதான் ஆளை ஏமாற்றுகிற வழி. வேகம் குறையாது, முந்துகிற மாதிரியே இருக்கும். ஒருமுறை நான்காவதாக வந்து அப்படித்தான் போனேன். கணக்கைப் பாருங்கள்: பின்காற்றில் வந்து எதிர்காற்றில் ஏற, படகு ஏறக்குறைய 135 பாகை திரும்ப வேண்டும். உள்ளே இருப்பவரைவிட 36 அடி தள்ளிச் சுற்றினால் வளைவில் மட்டும் 85 அடி கூடுதல். கிட்டத்தட்ட ஐந்து படகு நீளம்! அதுகூடப் பரவாயில்லை. திரும்பி முடிந்ததும் மற்ற மூன்று பாய்களும் எனக்கும் காற்றுக்கும் நடுவில். என் பாய் ஈரச் சீலை மாதிரித் தொங்கியது. கரைக்குக் கடைசியாக வந்தேன். படகை இழுத்துப்போட்டுக்கொண்டே மாமா கேட்டார்: "பாயை நடுவில இழுத்துப்போட்டு நிண்டிருக்கலாமெல்லோ மருமோன்?"

அதுதான் மூன்றாவது வழி, என் வாக்கும் அதற்கே. பின்காற்றில் பாயைத் தளர்த்தினால் படகு நிற்காது. நடுவுக்கு இழுக்க வேண்டும், சுக்கானை இரு பக்கமும் ஆட்ட வேண்டும். வேகத்தைக் குறைக்க அப்படி ஆட்டுவதை விதியும் அனுமதிக்கிறது. முன்னால் போனவர்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு அகலமாக விரிவார்கள். அப்போது மிதவையோடு ஒட்டி ஒரு வாசல் திறக்கும், அதால் நுழைந்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: உங்களுக்குப் பின்னாலும் படகு இருந்தால், வட்டத்துக்கு வெளியே வைத்து அதிகம் வேகத்தைக் குறைக்காதீர்கள். அவர் உள்ளே மேவி உரிமை வாங்கிவிடுவார்.

எந்த வழியில் வந்தாலும் திரும்பும் விதம் ஒன்றுதான். மிதவைக்கு ஒட்டி வந்து அகலமாக விலகுவது பார்க்க அழகு, ஆனால் விலகின இடத்தைப் பின்னால் வருபவர் பிடித்துக்கொள்வார். ஒரு படகு நீளம் தள்ளி வந்து, மிதவையைக் கை எட்டும் தூரத்தில் விட்டு வெளியேறுங்கள். கையால் தொட்டுவிடாதீர்கள், அதுவும் முட்டினதுதான்.

மிதவை காற்று வரும் பக்கத்தில் இருந்தால் கதை வேறு. அங்கே வலப்பக்கம் காற்று வாங்குபவருக்கு இடப்பக்கம் வாங்குபவர் விலக வேண்டும். வலப்பக்க வரிசையில் நேரத்தோடு சேர்ந்துகொண்டால் தலைவலி இல்லை. கடைசி நேரத்தில் இடப்பக்கத்திலிருந்து வந்து வட்டத்துக்குள் திரும்புவது, கூட்டம் இல்லாதபோது மட்டும் சரி.

இந்த வருடம் மூன்று நீள விதியை எங்கள் ஓட்டத்துக்கும் கொண்டுவரச் சொன்னேன். "கடலில ஆர் நாடா பிடிக்கிறது?" என்று சிரித்தார்கள். ஒருவரும் பிடிக்கத் தேவையில்லை. நேரத்துக்கு மேவினாரா என்று நியாயமான சந்தேகம் வந்தால் மேவவில்லை என்றே எடுக்க வேண்டுமென்று அந்த விதியிலேயே இருக்கிறது. அதைக் கேட்கும் முன்பே தேத்தண்ணி வந்துவிட்டது.