லிட்டரேச்சரா, லாங்-லிட்டா?

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு படிவத்தோடு வந்து நின்றான். "அக்கா, இதுல எதுக்கு டிக் போடட்டும்?" அதே படிவத்தை நான் நிரப்பியது கொடைக்கானல் அண்ணா சாலையில், அப்பாவின் ஸ்வெட்டர் கடையில், சீசன் கூட்டத்துக்கு நடுவே பில் புத்தகத்தை அடியில் வைத்துக்கொண்டு. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கான பன்னாட்டுப் பாடத்திட்டமான ஐ.பி. டிப்ளமோவில் ஆங்கிலத்தை ஹையர் லெவலில், அதாவது கூடுதல் ஆழத்தில், எடுப்பது என்பது வரை அவன் முடிவு செய்துவிட்டான். லிட்டரேச்சரா, நாங்கள் லாங்-லிட் என்று சுருக்கும் லாங்குவேஜ் அண்டு லிட்டரேச்சரா என்பதுதான் பாக்கி. நான் எடுத்தது முதலாவது. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். ஆகவே இதை நடுநிலைத் தீர்ப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வகுப்பு நேரத்தையோ மதிப்பெண் பங்கீட்டையோ வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டுக்கும் 240 மணி நேரம். முதல் தாளுக்கு 35 சதவீதம், இரண்டாம் தாளுக்கு 25, முன்பே எழுதிக் கொடுக்கும் கட்டுரைக்கு 20, வாய்மொழித் தேர்வுக்கு 20. வித்தியாசம் படிக்கும் பொருளில்தான். லிட்டரேச்சரில் கதை, கவிதை, நாடகம் என்று இலக்கியம் மட்டும். லாங்-லிட்டில் அதோடு விளம்பரம், மேடைப்பேச்சு, பத்திரிகைப் பத்தி, கார்ட்டூன் எல்லாம் உண்டு. அதன் முதல் தாளில் வருவதும் இந்த இலக்கியமல்லாத வகைதான். பத்திரிகைத் துறைக்குப் போகிறவர்களுக்கு அது பிடிக்கும். சரி, அதை அத்தோடு விட்டுவிடலாம்.

எல்லோரையும் மிரட்டுவது நூல்களின் எண்ணிக்கை. லிட்டரேச்சர் ஹையர் லெவலுக்கு 13, லாங்-லிட்டுக்கு 6. என் அம்மாவே "பாதிக்குப் பாதி குறையுதே, அதை எடுத்துத் தொலையேன்" என்றார். அங்கேதான் கணக்கு ஏமாற்றுகிறது. ஒரு தேர்வுக்குப் பயன்படுத்திய நூலை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதி. லிட்டரேச்சரில் வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு நூல் போகும், கட்டுரைக்கு ஒன்று. மிச்சம் 10. லாங்-லிட்டில் வாய்மொழித் தேர்வு ஒரு இலக்கிய நூலைத் தின்றுவிடும். கட்டுரையையும் இலக்கியத்தில் எழுதினால் கையில் நிற்பது நாலே நாலு.

அந்த மிச்சத்தின் அருமை இரண்டாம் தாளில்தான் தெரியும். கேள்வி நாலு வரும். ஒன்றை எடுத்து, இரண்டு நூல்களை ஒப்பிட்டு, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் எழுத வேண்டும். புத்தகத்தை உள்ளே கொண்டுபோக முடியாது, எல்லாம் மண்டையில் இருக்க வேண்டும். பத்து நூலையும் யாரும் கரைத்துக் குடிப்பதில்லை. நான் மூன்றைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் அந்த மூன்றைப் பத்திலிருந்து நானே பொறுக்கினேன். லாங்-லிட் எடுத்த என் தோழிக்கு மிஞ்சிய நாலில் இரண்டு அவளுக்கு வேப்பங்காய். ஆக, வேறு வழியில்லாமல் மற்ற இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.

நானும் ஓரிடத்தில் கோட்டை விட்டேன். எனக்கு உயிரான நாவலைக் கட்டுரைக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் கட்டுரை 1,200 முதல் 1,500 சொல். கேள்வியை நாமே வைத்துக்கொள்ளலாம். அந்த ஆசையில் அவசரப்பட்டுவிட்டேன். தேர்வு அறையில் தாளைப் பிரித்தால் அந்த நாவலுக்கென்றே வைத்ததுபோல ஒரு கேள்வி! தொட முடியாது. கைவசம் வேறு மூன்று இருந்ததால் பிழைத்தேன். ஆறு நூல்காரர்கள் இந்தத் தப்பைச் செய்தால் கையைக் கடிக்கும்.

இன்னொரு காரணம் கொஞ்சம் சொந்த விருப்பம். லிட்டரேச்சரில் குறைந்தது 4 நூல் மொழிபெயர்ப்பாக இருந்தே ஆக வேண்டும். எங்கள் ஆசிரியை அதில் சங்க அகப்பாடல்களைச் சேர்த்திருந்தார். வாய்மொழித் தேர்வில் நாம் 10 நிமிடம் பேச வேண்டும், பிறகு 5 நிமிடம் கேள்வி. குறிஞ்சி பூக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு குறிஞ்சித் திணைப் பாட்டை ஆங்கிலத்தில் விளக்கினேன். "தோழி என்றால் வெறும் சிநேகிதிதானே?" என்று ஒரு கேள்வி வந்தது. தலைவிக்காகத் தாயிடம் பேசுகிறவள், தலைவனைத் திருமணத்துக்கு நெருக்குகிறவள் என்று ஆரம்பித்தேன். அந்த 5 நிமிடமும் அதிலேயே போனது. அதுவரை தோழியைப் பற்றி நான் அவ்வளவு யோசித்ததே இல்லை.

தமிழையே எடுக்கலாமே என்று கேட்பீர்கள். ஆசிரியர் இல்லாத மொழியைத் தானே படிக்கும் வழி ஐ.பி.யில் உண்டு, ஆனால் லிட்டரேச்சரில், ஹையருக்குக் கீழான ஸ்டாண்டர்ட் லெவலில் மட்டும். ஆங்கிலத்தோடு அதையும் முதல் மொழிப் பாடமாக முடித்தால் இருமொழி டிப்ளமோ கிடைக்கும். என் வகுப்பில் ஒருவன் எடுத்தான். தனியாக ரொம்பத் திண்டாடினான் என்பது வரைதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் சொன்னால் கதை விடுவதாகும். வத்தலக்குண்டில் என் சித்தி மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் சிறப்புத் தமிழ் எடுத்தாள். எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10, செலவு சொற்பம். ஒரு வெண்பாவைக் கொடுத்தால் அலகிட்டு வாய்பாடு சொல்லிவிடுவாள். எனக்கு இன்றுவரை அது வராது. ஐ.பி.க்குக் கட்டணம் கட்ட வசதியோ உதவித்தொகையோ இல்லாத வீட்டில் நான் தயங்காமல் கைகாட்டுவது அதைத்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. லாங்-லிட் எடுத்த அந்தத் தோழிக்கு ஏழுக்கு 7 வந்தது, எனக்கு 6. மனப்பாடம் செய்த இரண்டுக்கும் தோதான கேள்வி வந்ததாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி படிவத்தின் பின்பக்கத்தைக் காட்டினான். பிடித்த புத்தகம் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். இணையத்தில் கிடைத்த கதைச்சுருக்கத்தை அப்படியே இறக்கி வைத்திருந்தான். அதை அடித்துவிட்டு, படிக்கும்போது எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தான், ஏன் மூடினான் என்று எழுதச் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டே போனான். டிக் இன்னும் போடவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.