உறைந்துபோன விஎம்மும் கிராஷ் டிபக்கரும்: ஒரு நீண்டகால அனுபவம்

கர்னல் டிபக்கர் (இயங்குதளத்தின் மையமான கர்னலின் உள்நிலையைப் பார்க்க உதவும் கருவி) என்பது கர்னல் எழுதுகிறவர்களுக்கானது, சர்வர் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அதில் வேலை இல்லை என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருள் மேல் ஓடும் லினக்ஸ் கெஸ்ட்களை, அதாவது மெய்நிகர் சர்வர்களை (விஎம்), பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறவன் நான். என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. மெய்நிகர் சர்வரைப் போலக் கர்னல் டிபக்கருக்குத் தோதான இடம் வேறு கிடையாது. நேரடி வன்பொருளில் ஓடும் சர்வர் உறைந்துவிட்டால் அதன் நினைவகத்துக்குள் எட்டிப்பார்க்க வழிகள் குறைவு. விஎம்மின் நினைவகமோ ஹோஸ்டில் (விஎம்களைத் தாங்கும் இயந்திரத்தில்) ஓடும் க்யூஎமு என்ற மெய்நிகராக்க ப்ரோக்ராமின் ஒரு ப்ராசஸுக்குச் சொந்தமானது. கெஸ்ட் எந்தப் பதிலும் தராமல் கிடந்தாலும் அதன் ரேம் முழுவதையும் வெளியிலிருந்தே ஒரு ஃபைலாக எடுத்துவிடலாம். இவ்வளவு பெரிய வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, விஎம் நின்றதும் ரீபூட் பட்டனை அழுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ரீபூட் செய்த கணமே ஆதாரம் போய்விடுகிறது. அதன் பிறகு நடப்பதெல்லாம் ஊகம்தான்.

நான் அதிகம் பயன்படுத்துவது ‘கிராஷ்’ என்ற கருவி. ரெட் ஹேட்டில் டேவ் ஆண்டர்சன் நீண்ட காலம் வளர்த்துப் பராமரித்தது. உள்ளே ஜிடிபி என்ற பொது டிபக்கரையே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் கர்னலின் ப்ராசஸ் பட்டியல், கர்னல் தனக்காக ஒதுக்கும் ஸ்லாப் நினைவகம், டிஸ்க் க்யூ இவற்றையெல்லாம் தானே புரிந்துகொண்டு காட்டும். வெறும் ஜிடிபியில் ஒரு மணிநேரம் பிடிக்கும் தேடலை இதில் ஒரு கட்டளையில் முடிக்கலாம்.

அதற்கு டம்ப், அதாவது நினைவகத்தின் நகல் ஃபைல், வேண்டும். கெஸ்ட்டுக்கு உள்ளேயே ‘கேடம்ப்’ வைத்திருப்பது ஒரு வழி. 2005-இல் 2.6.13 கர்னலில் வந்த ஏற்பாடு இது. கொஞ்சம் ரேமை முன்கூட்டியே ஒதுக்கி அதில் இரண்டாவது கர்னல் ஒன்றை ஏற்றி வைத்திருப்பார்கள். முதல் கர்னல் பேனிக் ஆனதும் (மீள முடியாத பிழையில் தானே நின்றதும்) இரண்டாவது எழுந்து, முதலாவதின் நினைவகத்தை டிஸ்க்கிலோ நெட்வொர்க் வழியாகவோ எழுதிவிடும். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் இயல்பாக ஒதுக்கும் அளவு, கெஸ்ட்டின் ரேமைப் பொறுத்து 192 எம்பியிலிருந்து 512 எம்பி வரை. சின்ன விஎம்களை நூற்றுக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு இது கணிசமான செலவு என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் முக்கியமான கெஸ்ட்களில் இதை நிறுத்தி வைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை.

சிக்கல் என்னவென்றால், உறைந்துபோகும் கெஸ்ட் பல நேரம் பேனிக் ஆவதே இல்லை. சும்மா நின்றுவிடும். அப்போது ஹோஸ்டிலிருந்து ‘விர்ஷ்’ என்ற விஎம் நிர்வாகக் கட்டளை வழியாக என்எம்ஐ (சிபியு புறக்கணிக்க முடியாத இன்டரப்ட், அதாவது குறுக்கீட்டுச் சைகை) அனுப்பலாம். அறியாத என்எம்ஐ வந்தால் பேனிக் ஆகு என்று கெஸ்ட்டின் கர்னல் அமைப்புகளான சிஸ்கன்ட்ரோலில் முன்பே சொல்லி வைத்திருந்தால் கேடம்ப் வேலையைத் தொடங்கிவிடும். சொல்லி வைக்காவிட்டால் கெஸ்ட் லாகில் குறிப்பு எழுதிவிட்டுப் பழையபடி நிற்கும்.

இன்னொரு வழி, கெஸ்ட்டைத் தொடாமல் ஹோஸ்டிலேயே ‘விர்ஷ் டம்ப்’ எடுப்பது. இதில் நினைவகம் மட்டும் போதும் என்ற விருப்பத்தைக் கொடுக்க மறக்கக்கூடாது. கொடுத்தால்தான் கிராஷ் நேரடியாகத் திறக்கும் வடிவத்தில் ஃபைல் வரும், சுருக்கியும் எழுதலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். எழுதி முடியும்வரை கெஸ்ட் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும், அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த நிறுத்தத்தின் நீளத்தை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 64 ஜிபி கெஸ்ட்டை நொடிக்கு 500 எம்பி வேகத்தில் எழுதினால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். கிளஸ்டரில் இருக்கும் கெஸ்ட் என்றால் மற்ற நோடுகள் அதற்குள் அதைச் செத்ததாக முடிவுகட்டி ஃபென்ஸ் செய்துவிடும், அதாவது வலுக்கட்டாயமாக வெட்டிவிடும். அதனால் முதலில் கிளஸ்டரைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றிவிட்டுத்தான் நான் டம்பில் கை வைப்பேன்.

சரி, இந்தக் கருவி உண்மையாகவே என் வேலையை மாற்றிய இடத்துக்கு வருகிறேன். அது டிஸ்க் தொங்கல், அதாவது டிஸ்க்கிடமிருந்து பதில் வராமல் நிற்பது.

ஒரு டேட்டாபேஸ் கெஸ்ட். லாகில் ப்ராசஸ்கள் 120 நொடிக்கு மேல் முடங்கியிருப்பதாக வரிசையாக எச்சரிக்கைகள். உள்ளே நுழைய முடியவில்லை. “எங்க பக்கம் லேட்டன்சி எல்லாம் நார்மல்தான் தம்பி” என்றார் ஸ்டோரேஜ் பக்கத்தில் இருந்த மூத்தவர். லேட்டன்சி என்றால் கோரிக்கைக்குப் பதில் வர ஆகும் நேரம். ஹோஸ்ட் பார்க்கிறவர்களும் கிராஃபைக் காட்டி அதையே சொன்னார்கள். இப்படி மூன்று அணிகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் நிலை எல்லா இடத்திலும் உண்டு. கிராஃபுகளை வைத்து அதைத் தீர்க்க முடியாது.

டம்பைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது, எழுப்ப முடியாத உறக்கத்தில் இருக்கும் ப்ராசஸ்களின் பட்டியல். கிராஷ் அதை ‘யுஎன்’ என்று குறிக்கும். ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது சிபியுவில் ஓடியது என்பதையும் ‘பிஎஸ்’ கட்டளையின் ஒரு விருப்பம் சொல்லிவிடும். இருநூறு ப்ராசஸ் தொங்கிக்கொண்டிருந்தாலும் பெரும்பாலானவை இன்னொன்றுக்காகக் காத்திருப்பவைதான். நெடுநேரமாக நிற்பது எது என்று தேடிப்பிடித்து அதன் ஸ்டாக்கை (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து அங்கே வந்தது என்ற வரிசையை) எடுத்தால் கதை அங்கே தொடங்கும். அன்றைக்குக் கூட்டமாக நின்ற ப்ராசஸ்கள் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் தன் மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் லாகில் இடம் கிடைக்கக் காத்திருந்தன. அந்த லாகை நகர்த்த வேண்டிய எழுதும் கோரிக்கை, விர்ட்டியோ (கெஸ்ட்டுக்கு ஹோஸ்ட் தரும் மெய்நிகர் சாதன முறை) டிஸ்க்குக்குள் போய்த் திரும்பாமல் இருந்தது.

விர்ட்டியோவின் அமைப்பு இங்கே பெரிய உதவி. கெஸ்ட்டும் ஹோஸ்டும் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்தில் ஒரு வளையம் இருக்கிறது. கெஸ்ட் ஒரு வேலையை ஒப்படைக்கும்போது ‘அவெய்ல்’ எண்ணைக் கூட்டும். ஹோஸ்ட் வேலையை முடித்ததும் ‘யூஸ்டு’ எண்ணைக் கூட்டும். எதுவரை வாங்கிக்கொண்டேன் என்று கெஸ்ட் டிரைவர் தனியாக ஒரு குறிப்பு வைத்திருக்கும். மூன்றும் 16 பிட் எண்கள். மூன்றும் கெஸ்ட்டின் நினைவகத்திலேயே, அதாவது நம் டம்பிலேயே இருக்கின்றன. டிஸ்க்கின் அமைப்பிலிருந்து இந்த வளையத்தின் (விர்ட்க்யூ) முகவரியைப் பிடித்து அந்த ஸ்ட்ரக்சரை அச்சிட்டால் மூன்றையும் ஒரே திரையில் படிக்கலாம்.

‘அவெய்ல்’ முன்னே போய், ‘யூஸ்டு’ பின்தங்கி அசையாமல் நின்றால் வேலை ஹோஸ்ட் பக்கம் இருக்கிறது. ‘யூஸ்டு’ முன்னே போயிருந்து கெஸ்ட்டின் குறிப்பு பின்தங்கியிருந்தால் ஹோஸ்ட் முடித்துக்கொடுத்துவிட்டது, கெஸ்ட்தான் வாங்கவில்லை. இன்டரப்ட் தொலைந்திருக்கலாம், அல்லது அதைக் கவனிக்க வேண்டிய சிபியு ஓடாமல் இருக்கலாம். மூன்றும் சமமாக இருந்தும் ப்ராசஸ்கள் நின்றால் விர்ட்டியோவை விட்டுவிட்டு மேலே பாருங்கள்: டிவைஸ் மேப்பர் (டிஸ்க்குகளை இணைத்துக் காட்டும் அடுக்கு), ஃபைல் சிஸ்டம், ஷெட்யூலர் (சிபியு நேரத்தைப் பங்கிடும் பகுதி).

ஒரே டம்பை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல ஆரோக்கியமான சர்வரிலும் எந்த நொடியிலும் சில வேலைகள் வழியில் இருக்கும், எண்கள் சமமாக இருக்காது. சில நிமிட இடைவெளியில் இரண்டாவது டம்ப் எடுங்கள். ‘யூஸ்டு’ எண் அதே இடத்தில் நின்றால்தான் அது சாட்சி. க்யூஎமு 7.2 முதல் அதன் மானிட்டரிலேயே விர்ட்டியோ க்யூவின் நிலையைக் கேட்கலாம். ஹோஸ்ட் தன் கணக்கில் என்ன வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்து ஒப்பிட அது கைகொடுக்கும்.

அன்று ‘யூஸ்டு’ அசையவில்லை. ஹோஸ்டில் அந்த க்யூஎமுவின் த்ரெட்களைப் பார்த்தபோது அவை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபைல் பகிர்வு) பதிலுக்காகக் காத்து நின்றன. டிஸ்க் இமேஜ் இருந்த மவுன்ட் ‘ஹார்டு’ வகை, பதில் வரும்வரை விடாது. ஸ்டோரேஜின் லேட்டன்சி நார்மலாக இருந்தது உண்மைதான், ஏனென்றால் அந்தக் கோரிக்கை ஸ்டோரேஜுக்கே போய்ச் சேரவில்லை. இடையில் இருந்த நெட்வொர்க் பாதையில்தான் கோளாறு. யாரையும் குற்றம் சொல்லாமல், மூன்று எண்களையும் ஒரு ஸ்டாக்கையும் அனுப்பி அன்று அந்தப் பேச்சை முடிக்க முடிந்தது. கெஸ்ட் டிரைவர் ஏன் டைம்அவுட் ஆகிப் பிழை காட்டவில்லை என்று கேட்பார்கள். விர்ட்டியோ ஸ்கசி டிரைவரின் மூலநிரலைப் பாருங்கள்: ஹோஸ்ட் எப்படியும் பதில் தரும் என்ற நம்பிக்கையில் டைம்அவுட் வரும்போதெல்லாம் கடிகாரத்தைத் திரும்ப முதலிலிருந்து ஓடவிடுகிறது. அதாவது ஹோஸ்ட் தொங்கினால் கெஸ்ட்டும் சத்தமில்லாமல் சேர்ந்து தொங்கும்.

சிபியு சம்பந்தப்பட்ட தொல்லைகளில் டிபக்கர் வேறு விதமாக உதவுகிறது. ஒரு சிபியு 22 நொடி, 23 நொடி சிக்கியிருப்பதாக ‘சாஃப்ட் லாக்கப்’ செய்தி வரும். வரம்பு 20 நொடி, 4 நொடிக்கு ஒருமுறை சோதனை, அதனால்தான் எப்போதும் அந்த எண்களைப் பார்க்கிறோம். நேரடி வன்பொருளில் இந்தச் செய்தி வந்தால் கர்னலிலோ டிரைவரிலோ ஒரு லூப் என்று சந்தேகிப்பது நியாயம். விஎம்மில் அப்படியே நம்பிவிட முடியாது. ஹோஸ்ட் அந்த விசிபியுவுக்கு (கெஸ்ட்டின் மெய்நிகர் சிபியு) ஓட நேரமே கொடுக்காமல் இருந்திருக்கலாம். தன்னை ஒருவர் நிறுத்தி வைத்திருந்தார் என்பது கெஸ்ட்டுக்குத் தெரியாது, கடிகாரம் மட்டும் தாவியிருக்கும். மைக்ரேஷன், ஸ்னாப்ஷாட் போன்ற முறையான நிறுத்தங்களில் கேவிஎம் கடிகாரம் வழியாகக் கெஸ்ட்டுக்கு ஒரு குறிப்பு போகும், லாக்கப்பைக் கண்காணிக்கும் வாட்ச்டாக் மன்னித்துவிடும். ஹோஸ்டில் ரேம் போதாமல் ஸ்வாப் ஆவது, சிபியுவை அளவுக்கு மேல் பங்குபோடுவது இவற்றுக்கு அந்தக் குறிப்பு கிடையாது.

இங்கே எல்லா சிபியுக்களின் ஸ்டாக்கையும் ஒன்றாக எடுப்பேன். பல சிபியுக்கள் ஒரே ஸ்பின்லாக்கின் (ஒரு நேரத்தில் ஒரு சிபியு மட்டும் பிடிக்கும் பூட்டு) வாசலில் நிற்க, அந்த லாக்கைப் பிடித்திருக்கும் சிபியு சாதாரணமான ஒரு ஃபங்ஷனின் நடுவில் நின்றால், லாக்கைப் பிடித்த விசிபியுவை ஹோஸ்ட் ஓடவிடாமல் இறக்கிவிட்டது என்று சந்தேகிப்பேன். இரண்டாவது டம்பில் அந்த சிபியு வேறு எங்கோ போயிருந்து, ஸ்டீல் நேரமும் (ஹோஸ்ட் சிபியு தராததால் கெஸ்ட் இழந்த நேரம்) எகிறியிருந்தால் சந்தேகம் உறுதி. அதே ஃபங்ஷனிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் அது டிரைவரின் பிழை. அதைச் சரிசெய்ய வேண்டிய இடமும் வேறு.

நினைவகப் பிரச்சினைகளுக்கு இவ்வளவு தேடல் தேவைப்படுவதில்லை. ஸ்லாப் கசிவுக்குக் கிராஷின் ‘கேமெம்’ கட்டளை போதும். பலூன் டிரைவர் எவ்வளவு பக்கங்களை ஹோஸ்டுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருந்த கர்னலின் அதே பில்டுக்கான டிபக் தகவல் இல்லாமல் கிராஷ் நகராது. ஒரு பேட்ச் எண் மாறினாலும் மறுத்துவிடும், மறுப்பதும் சரிதான். பழைய பில்டுகளின் டிபக் பேக்கேஜை ரெப்போக்களிலிருந்து நீக்கிவிடுகிறார்கள், ஆகவே கர்னலைப் புதுப்பிக்கும் அன்றே அதையும் இறக்கி எங்கள் சர்வரில் சேமித்துவிடுகிறோம். புதிய கர்னலைப் பழைய கிராஷில் திறந்தால் ஸ்ட்ரக்சர் உறுப்பின் இடம் தவறு என்ற பிழை வரும். டம்பில் கோளாறு என்று பதறாமல் முதலில் கிராஷைப் புதுப்பியுங்கள். கர்னலின் முகவரிகள் ஒவ்வொரு பூட்டிலும் மாறுவதால் விஎம் அமைப்பில் ‘விஎம்கோர்இன்ஃபோ’ வசதியை இயக்கி வைப்பது நல்லது. அது இருந்தால் வெளியிலிருந்து எடுத்த டம்பிலும் முகவரி மாற்றத்தைக் கிராஷ் சிரமமில்லாமல் கண்டுபிடிக்கும்.

டம்ப் ஃபைலை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். அதில் பாஸ்வேர்டுகள், டிஎல்எஸ் சாவிகள், வாடிக்கையாளர் தகவல் எல்லாம் அப்படியே கிடக்கும். ‘மேக்டம்ப்ஃபைல்’ கருவி கொண்டு யூசர் பக்கங்களை (ப்ரோக்ராம்களின் நினைவகத்தை) வடிகட்டிய பிறகே வெளியே அனுப்ப வேண்டும். வடிகட்டினாலும் கர்னல் பஃபர்களில் துணுக்குகள் மிஞ்சும்.

பொது கிளவுடில் ஹோஸ்ட் நம் கையில் இல்லை. அங்கே கேடம்ப் ஒன்றே கதி. அமேசானின் ஈசி2 2019 முதல் நைட்ரோ வகை இன்ஸ்டன்ஸ்களுக்கு என்எம்ஐ அனுப்பும் ஒரு ஏபிஐ தருகிறது, அஜூரின் சீரியல் கன்சோலிலும் அந்த வசதி உண்டு. முன்கூட்டியே கேடம்ப் வைத்திருந்தால் மட்டுமே இவை பயன்படும். ஏஎம்டி செவ், இன்டெல் டிடிஎக்ஸ் போல நினைவகத்தை மறையாக்கம் செய்யும் கெஸ்ட்களிலும் இதே நிலைதான். வெளியிலிருந்து எடுத்தால் படிக்கக்கூடிய எதுவும் வராது.

சமீப காலமாக ‘டிராகன்’ என்று சொல்லப்படும் டிஆர்ஜிஎன் என்ற டிபக்கர் பக்கமும் போகிறேன். மெட்டாவில் ஓமர் சாண்டோவல் எழுதியது. அதே டம்பை பைத்தானில் படிக்கலாம். எல்லா விர்ட்டியோ டிஸ்க்குகளின் எல்லா க்யூக்களையும் சுற்றிவந்து அந்த மூன்று எண்களையும் அட்டவணையாகப் போடும் ஸ்கிரிப்ட் ஒன்றை அதில் எழுதி வைத்திருக்கிறேன். கையால் முகவரி தேடும் வேலை அதோடு போனது. பேக்டு எனப்படும் இன்னொரு வகை விர்ட்க்யூவில் இந்தத் தனித்தனி எண்கள் கிடையாது, ஒவ்வொரு டிஸ்கிரிப்டரின் (ஒரு வேலையை விவரிக்கும் பதிவு) கொடிகளையும் சுற்று எண்ணியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதற்கான பகுதியைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.