கரும்பலகையா, புரொஜெக்டரா, பக்கத்து பெஞ்சா? முதலாண்டு பைத்தான் வகுப்புக்கு எது உதவும்

கடலூர் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் முதல் செமஸ்டரில் வரும் பைத்தான் என்ற நிரலாக்க மொழித் தாளுக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் ஆகவே ஆகாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி சிவிலோ மெக்கானிக்கலோ, எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் செமஸ்டரில் பைத்தான் படித்தாக வேண்டியிருந்தது. சேர்க்கை முடிந்து வகுப்பு சூடு பிடிப்பதற்குள் அக்டோபர் வந்துவிடும். அப்புறம் காலையில் எழுந்ததும் மாணவர்களும் சரி, ஆசிரியர்களான நாங்களும் சரி, போனில் தேடுவது ஒன்றைத்தான்: கலெக்டர் லீவு விட்டுவிட்டாரா? ஃபெஞ்சல் புயலுக்குப் பின், 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது எங்கள் பக்கத்தில் வகுப்பு என்ற பேச்சே இல்லை.

அதனால், எப்படி நடத்தினால் புரியும் என்று துறைக் கூட்டத்தில் யார் ஆரம்பித்தாலும், 'போர்ஷனை யார் முடிப்பது?' என்ற கேள்வியில் பேச்சு அடங்கிவிடும். நியாயமான கேள்விதான். ஆனால் போர்ஷன் முடிவது ஆசிரியருக்கு. மாணவருக்கு என்ன ஆனது என்று பார்க்க வேறு அளவுகோல் வேண்டும். நான் வைத்துக்கொண்டிருப்பது இது: தான் நினைத்தது தவறு என்று மாணவருக்கு எப்போது தெரிகிறது? அடுத்த நிமிடமா, அடுத்த வாரமா, இன்டர்னல் பேப்பர் கைக்கு வரும்போதா?

சாக்பீஸும் பி.பி.டி.யும்

விரிவுரையைத் திட்டுவது இப்போது ஃபேஷன். முதலில் அதற்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், முதல் யூனிட்டின் அல்காரிதம், ஃப்ளோசார்ட், ஹனாய் கோபுரம் ஆகியவற்றைக் கரும்பலகையில் நிதானமாக வரைந்து காட்டும் ஒரு நல்ல ஆசிரியருக்கு ஈடு இல்லை. வினாத்தாளும் அவர் பக்கம்தான் நிற்கிறது. 2 மதிப்பெண் கேள்வி பத்து, 13 மதிப்பெண் ஐந்து, 15 மதிப்பெண் ஒன்று. வரையறையைச் சொல்லி, உதாரணம் போட்டு, நோட்ஸ் எழுதவைத்தால் பாஸ் மார்க்குக்குப் பாதை போட்டாகிவிட்டது.

சிக்கல் நிரல் எழுதச் சொல்லும்போதுதான் வெளியே வரும். 2001-இல் மைக்கேல் மெக்ராக்கன் குழு நான்கு பல்கலைக்கழகங்களில், நிரலாக்கத்தின் முதல் பாடங்களை முடித்திருந்த மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்தது. 110-க்குக் கிடைத்த சராசரி 22.89. கேள்வி கடினம் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். 2004-இல் ரேமண்ட் லிஸ்டர் குழு அதற்கும் இடம் வைக்கவில்லை. எழுதுவது இருக்கட்டும், ஏற்கெனவே எழுதிய சின்ன நிரலைப் படித்து விடை சொல்லவே பலர் தடுமாறுகிறார்கள் என்று காட்டியது. உலக அளவில் முதல் நிரலாக்கப் பாடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தேறுவதில்லை என்பது 2007-இலும் 2014-இலும் வந்த இரண்டு தொகுப்பாய்வுகளின் கணக்கு. ஆக, நம் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை இது.

அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் முழுவதற்கும் ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014-இல் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வெறும் விரிவுரை வகுப்பில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்கள் வகுப்பிலேயே ஏதாவது செய்யும்படி அமைத்த வகுப்பில் 21.8. என் அளவுகோலில் விரிவுரைக்கு மிகக் குறைந்த இடம்தான். மாணவர் தலையாட்டிக்கொண்டே இருப்பார். தலைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இன்டர்னல் வரும்போதுதான் இருவருக்கும் தெரியும்.

லைவ் கோடிங்

பி.பி.டி.யில் முழு நிரலையும் காட்டுவதற்குப் பதிலாக, புரொஜெக்டரில் ஐடிலை (பைத்தான் நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) திறந்து மாணவர்கள் கண்முன் ஒவ்வொரு வரியாக அடிப்பது. இதில் எனக்குப் பிடித்தது பிழைகள்தான். கோலனை விட்டுவிட்டால் சிவப்பில் செய்தி வரும், அதை வாய்விட்டுப் படித்து எந்த வரி என்று தேட வேண்டும். எர்ரர் செய்தியைப் படிக்கலாம் என்பதே பல முதலாண்டு மாணவர்களுக்குப் புதுச்செய்தி. அவர்களைப் பொறுத்தவரை சிவப்பு எழுத்து வந்தால் 'மேம், வரல' என்று கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பின்சீட்டில் உட்கார்ந்து பண்ருட்டி வரை போய்வந்தவனுக்குக் கிளட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தவறு செய்வதும் திருத்துவதும் ஆசிரியர், மாணவர் ரசிகர். நிரலை ஓட்ட எஃப்5 அழுத்துவதற்கு முன் நிறுத்தி, 'என்ன வரும், நோட்டில் எழுதுங்கள்' என்று சொன்னால் நிலைமை மாறும். அப்படிச் செய்யும்போது நாம் பாதி அடுத்த முறைக்குள் வந்துவிடுகிறோம்.

பக்கத்து பெஞ்சோடு வாதம்

பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று பெயர். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. கணினி அறிவியலுக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் சான் டியாகோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெத் சைமன், லியோ போர்ட்டர் இருவரும் முக்கியமானவர்கள். நடைமுறை எளிது. பலகையில் ஒரு கேள்வி, நான்கு விடைகள். முதலில் பேசாமல் தனியாக வாக்களிக்க வேண்டும். சரியான விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாடச் சொல்ல வேண்டும். மறுபடியும் வாக்கு. அதற்கு அப்புறம்தான் ஆசிரியர் வாயைத் திறக்கலாம். அங்கே வாக்களிக்க 'கிளிக்கர்' என்று கையடக்கக் கருவி வைத்திருந்தார்கள். நமக்கு விரல் போதும். நெஞ்சோடு ஒட்டி விரலைக் காட்டினால் பின்னால் இருப்பவன் பார்த்துக் காப்பியடிக்க முடியாது.

பலகையில் இப்படி எழுதுவேன்: க = 5. அடுத்த வரி, ச = க. அதற்கடுத்து, க = 7. இப்போது ச-வின் மதிப்பு என்ன? ஏழு என்று காட்டுபவர்கள் கணிசமாக இருப்பார்கள். பள்ளிக்கூட இயற்கணிதத்தில் சமக்குறி போட்டால் இரண்டும் என்றைக்கும் சமம்தானே. பேசவிட்டால் பெரும்பாலும் ஐந்துக்கு வந்துவிடுவார்கள். நிம்மதி. உடனே அடுத்த கேள்வி: க என்பது 1, 2, 3 உள்ள லிஸ்ட், அதாவது பட்டியல். ச = க. ச-வோடு அப்பெண்ட் போட்டு 4-ஐச் சேர்க்கிறோம். க-வை அச்சிட்டால் என்ன வரும்?

இப்போதுதான் ஐந்தைப் புரிந்துகொண்டவர்கள் தைரியமாக '1, 2, 3' என்பார்கள். தப்பு, '1, 2, 3, 4' என்றுதான் வரும். பெஞ்சில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இப்பதானடி பாத்தோம், ஒண்ண மாத்துனா இன்னொண்ணு மாறாதுன்னு."

"அது நம்பர், இது லிஸ்ட். ச-ன்னு புதுசா லிஸ்ட் எங்க செஞ்சோம்? அதே லிஸ்ட்டுக்கு இன்னொரு பேருதான் வச்சோம்."

"அப்ப நம்பருக்கு மட்டும் ஏன் அப்படி ஆகல?"

இந்த மூன்றாவது வரிக்காகத்தான் இந்த முறையே. க = 7 என்றபோது ஐந்தை யாரும் தொடவில்லை; க என்ற பெயரை ஐந்திலிருந்து எடுத்து ஏழின்மேல் வைத்தோம். அப்பெண்ட் பெயரை நகர்த்துவதில்லை; லிஸ்ட்டுக்குள்ளேயே கைவைக்கிறது. அதனால் அதைக் காட்டும் எல்லாப் பெயர்களுக்கும் மாற்றம் தெரிகிறது. இதை நானாகச் சொல்லியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு மறந்திருப்பார்கள். தவறாக வாக்களித்து, பக்கத்தில் இருப்பவளோடு சண்டை போட்ட பிறகு சொன்னால் காது திறந்திருக்கிறது. ஃபிலிப் குவோ உருவாக்கிய பைத்தான் டியூட்டர் என்ற இணையதளம், எந்தப் பெயர் எதைக் காட்டுகிறது என்று அம்பு போட்டே காண்பிக்கும். அதை இந்த இடத்தில் திறந்தால் பொருத்தமாக இருக்கும். வகுப்பைத் தொடங்கும்போதே திறந்துவிட்டால் அதுவும் ஒரு வேடிக்கைதான்.

நம் பக்கத்துக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு, அமெரிக்க ஆய்வுகளில் அது இருக்காது. குறிஞ்சிப்பாடியிலிருந்தும் காட்டுமன்னார்கோவிலிலிருந்தும் தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கக் கூச்சப்பட்டே செமஸ்டரை ஓட்டிவிடுவார்கள். அறுபது பேர் முன்னால் எழுந்து நிற்பது ஒரு தண்டனை. பக்கத்து பெஞ்சில் தமிழில் வாதாடுவது தண்டனை இல்லை. வாயே திறக்காதவர் என்று நாம் நினைத்தவர், 'லூசாடா நீ, லூப் முடிஞ்சப்புறம் எப்படி அது ஓடும்?' என்று கத்துவதைக் கேட்கலாம்.

விளைவு? போர்ட்டர் குழு 2013-இல் வெளியிட்ட கட்டுரை நான்கு கணினிப் பாடங்களின் பத்தாண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டது. தோல்வி விகிதம் சராசரியாக 20 சதவீதத்திலிருந்து 7 ஆனது. அதே ஆசிரியர், அதே பாடத்தை இரண்டு விதமாகவும் நடத்தியதை மட்டும் எடுத்தால் 23-லிருந்து 8. குருடனுக்குக் குருடன் வழிகாட்டுவதா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது: குழுவில் யாருக்குமே முதலில் விடை தெரியாதபோதும் பேசிய பிறகு முன்னேற்றம் தெரிந்ததாக, உயிரியல் வகுப்பு ஒன்றில் செய்து 2009-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு சொல்கிறது.

விலையும் உண்டு. ஒரு கேள்விக்கு ஏழெட்டு நிமிடம் போய்விடும்; ஒரு பீரியடில் நாலைந்துக்கு மேல் முடியாது. நல்ல கேள்வி தயாரிப்பதுதான் பெரிய வேலை. முதல் வாக்கில் சரியான விடை சொன்னவர்கள் சுமார் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால்தான் வாதம் சூடாகும். எல்லோருக்கும் தெரிந்தால் அரட்டை, யாருக்குமே தெரியாவிட்டால் ஊகம். தவறான விடைகளை நாமே கற்பனையில் உருவாக்கினால் எடுபடாது. போன வருட இன்டர்னல் பேப்பர் கட்டில் தேடினால் அசலாகவே கிடைக்கும்.

வீட்டில் வீடியோ

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீடியோவை வீட்டில் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் பயிற்சி செய்வது. கேட்க நன்றாக இருக்கிறது. ஐஐடிகள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் தரமானவை, ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழிலேயே, சின்னச் சின்ன வீடியோக்களாகக் கிடைக்கிறது. ஆனால் சிதம்பரம் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்து, திரும்ப வீடு போய்ச் சேரும்போது இருட்டிவிடும் பிள்ளை வீடியோ பார்த்துவிட்டு வரும் என்று நம்பிப் பாடத்திட்டம் போட முடியாது. பாதிப் பேர் பார்க்காமல் வந்தால், ஆசிரியர் அதையே மறுபடி நடத்துவார். இரட்டைச் செலவு. இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

லேபில்

லேபின் நிலைமை தனி. இரண்டு பேர் சேர்ந்து ஒரே கணினியில் நிரல் எழுதும் 'பேர் ப்ரோக்ராமிங்' (ஜோடி நிரலாக்கம்) முறையை அமெரிக்காவின் வட கரோலினாவில் லாரி வில்லியம்ஸ் போன்றவர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். முதலாண்டு மாணவர்களுக்குப் பலன் தருகிறது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. 'அதைத்தானே காலகாலமாகச் செய்கிறோம், ஒரு கணினிக்கு மூன்று பேர்' என்று நம் ஊரில் ஒரு ஜோக் உண்டு. அது வேறு. ஒருவன் அடிப்பான், ஒருவன் ரெக்கார்டு நோட்டில் எழுதுவான், மூன்றாமவன் ஜன்னலைப் பார்ப்பான். பேர் ப்ரோக்ராமிங்கில் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டு கை மாறியே ஆக வேண்டும். அடிக்காதவர் அடுத்த வரி என்ன என்று சொல்ல வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 'மாத்துங்க' என்று சத்தம் போட லேபில் ஒருவர் இருந்தால்தான் இது ஓடும். இல்லாவிட்டால் சிபிஎஸ்இயில் பைத்தான் படித்துவிட்டு வந்தவர் கையிலேயே கீபோர்டு தங்கிவிடும்.

தனியாகச் செய்வதற்கு எனக்குப் பிடித்தது பார்சன்ஸ் புதிர். நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸ், பாட்ரிசியா ஹேடன் இருவரும் 2006-இல் அறிமுகப்படுத்தியது. சரியான நிரலின் வரிகளைக் கலைத்துக் கொடுத்துவிட்டு, வரிசைப்படுத்தி, உள்தள்ளலையும் (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி) சரியாக வைக்கச் சொல்வது. முழுதாக நிரல் எழுதிப் பழகுவதைவிடக் குறைந்த நேரம் எடுக்கும், கற்பதில் குறைவு தெரியவில்லை என்று பார்பரா எரிக்சன் குழு 2017-இல் கண்டது. காகிதச் சீட்டில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் கரண்ட் போன லேபிலும் நடக்கும். மழைக்காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ரெக்கார்டு நோட்டைப் பற்றி என்ன சொல்ல? வலது பக்கம் நிரல், இடது பக்கம் அவுட்புட். சீனியரிடமிருந்து வந்த நோட்டு இப்போது சாட்ஜிபிடியிடமிருந்து வருகிறது. கையெழுத்து மட்டும் மாணவருடையது. வைவா எனும் வாய்மொழித் தேர்வில் ஒரு வரியை மாற்றி 'இப்போது என்ன வரும்?' என்று கேட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

எதை எங்கே வைப்பது

முதல் யூனிட்டுக்கு விரிவுரை போதும். மாறிகள், நிபந்தனை, லூப், ஃபங்ஷன், லிஸ்ட், டிக்‌ஷனரி வரும் நடு யூனிட்டுகளுக்குக் கேள்வியும் வாதமும். ஃபைல், எக்செப்ஷன் வரும் ஐந்தாம் யூனிட்டுக்கு லைவ் கோடிங். பிழை வருவதைக் காட்டுவதே அங்கே பாடம். லேபில் ஜோடி, நேரம் பார்த்துக் கைமாற்றம்.

இதைச் செய்ய நினைக்கும் இளம் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஹார்வர்டில் லூயி டெலோரியே குழு 2019-இல் செய்த ஆய்வில், மாணவர்கள் தாங்களே வேலை செய்த வகுப்பில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் நேர்த்தியான விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். செமஸ்டர் முடிவில் ஃபீட்பேக் ஃபார்மில் 'மேம் எதுவுமே நடத்தல, எங்களையே பேசச் சொன்னாங்க' என்று ஒருவராவது எழுதுவார். தலைமைக்கு முதல் வாரமே சொல்லிவைப்பது நல்லது. மாணவர்களுக்கும் அந்த ஆய்வைச் சொல்லிவிடலாம்.

மழை லீவில் பீரியடு போனால் நான் முதலில் வெட்டுவது விரிவுரையை. 2 மதிப்பெண் விடைகள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும், ஹனாய் கோபுரம் புத்தகத்தில் இருக்கிறது. லிஸ்ட் கேள்வி உள்ள பீரியடை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. சனிக்கிழமை ஈடு வகுப்பு வைத்தாவது அதை நடத்திவிடுவேன், பாதிப் பேர்தான் வந்தாலும்.