பலகையில் ஒட்டும் ‘சுழற்சி சென்சார்’: வாங்குமுன் இதைப் படியுங்கள்

பனியில் சறுக்கும் பலகையான ஸ்னோபோர்டில், காலணியைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்குக்கு அருகே ஒட்டும் சிறிய சென்சார் ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வருகிறது. தாவலின் உயரம், காற்றில் இருந்த நேரம், சுழன்ற கோணம் மூன்றையும் அளக்கும் என்று விளம்பரம். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு மூவச்சு முடுக்கமானியும் (வேகம் மாறுவதை மூன்று திசைகளில் அளப்பது) ஒரு சிஆர்2032 பொத்தான் பேட்டரியும்தான். சுழலும் வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப் கிடையாது. அது இல்லாமல் சுழற்சியை நம்பும்படி அளக்க வழியில்லை. காற்றில் இருந்த நேரத்தை வைத்து ஃபோன் செயலி ஒரு கோணத்தை ஊகித்துக் காட்டுகிறது. இது அப்பட்டமான ஏமாற்று.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கருவியைக் கையில் இறுகப் பிடித்தபடி மெத்தை விரிப்பின் மேல் நேராக ஒருமுறை குதியுங்கள். அதே உயரத்தில் அரைச் சுற்று திரும்பி இன்னொரு முறை. இரண்டுக்கும் ஒரே கோணம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். வாங்குவதற்கு முன்பே கைரோஸ்கோப்பின் வீச்சை எழுத்தில் கேளுங்கள். 1.2 விநாடியில் 720 பாகை சுழன்றால் சராசரி வேகமே விநாடிக்கு 600 பாகை. விநாடிக்கு 2000 பாகை வரை அளப்பதே பாதுகாப்பு. முடுக்கமானி 16 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 16 மடங்கு) வரையாவது அளக்க வேண்டும். கடினமான தரையிறக்கத்தில் அதுவும் உச்சத்தில் முட்டி நின்றுவிடும்.

உயரக் கணக்கிலும் ஓட்டை உண்டு. 1 விநாடி காற்றில் இருந்தால் சுமார் 1.2 மீட்டர் என்பது, எழும்பிய மட்டத்திலேயே இறங்கினால்தான் சரி. சரிவில் கீழே இறங்கும்போது நேரம் நீள்வதால் செயலி உயரத்தைக் கூட்டிக் காட்டும்.

அடுத்த தொல்லை குளிர். உறைநிலைக்குக் கீழே பொத்தான் பேட்டரியின் உள்தடை ஏறிவிடும். ப்ளூடூத் தரவை அனுப்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து கருவி அணைந்து எழும், பதிவு பாதியில் அறுபடும். புகார் செய்தால் “நீர் புகுந்துவிட்டது, உத்தரவாதம் செல்லாது” என்பதே பதில். விளம்பரத்தில் ஐபி67 என்று போட்டிருக்கிறார்கள். அதாவது 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். பேட்டரியை ஈரக்காற்றில் மாற்றாதீர்கள்: உள்ளே அடைபட்ட ஈரம் குளிரில் துளியாகும், பழி உங்கள் மேல் விழும். மின்னேற்றும் லித்தியம் வகை வாங்கினால் அறை வெப்பத்துக்கு வந்தபின்பே ஏற்றுங்கள். 0 பாகை செல்சியஸுக்குக் கீழே ஏற்றினால் மின்வாயில் லித்தியம் உலோகமாகப் படிந்து, கொள்திறன் நிரந்தரமாகக் குறையும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது கையேட்டில் உள்ள ஒரு வரி: தொடர்பு அறுபடாமல் இருக்க ஃபோனை மார்புப் பையில் வைக்கச் சொல்கிறது. பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட உதவும் டிரான்சீவரை (ரேடியோ அலையை அனுப்பவும் தேடவும் செய்யும் கருவி) கட்டுவதும் மார்பில்தான். அது 457 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அருகில் உள்ள மின்னணுக் கருவி அதைக் குழப்பும். அனுப்பும் நிலையில் 20 செ.மீ., தேடும் நிலையில் 50 செ.மீ. இடைவெளி வேண்டும். ஃபோனைக் கால்சட்டைப் பைக்கு மாற்றுங்கள். தேடத் தொடங்கும்போது ஃபோன், சென்சார் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.