கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு: மீன் என்று சொல்லி 7,400 ரூபாயைச் சாப்பிட்டுவிட்டான்

கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கே வேறு பெயரில், வேறு எண்ணில் வந்து நிற்பான், எனக்குத்தான் வீண் வம்பு. வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டு கடல் மீன், ஆற்று மீன் எல்லாம் மலைக்கே அனுப்புகிறோம் என்று விற்கிற வகை. கீழே சமவெளியில் எங்கோ இருக்கிறார்கள், நேரில் போய்ப் பார்க்கக் கடை என்று ஒன்று கிடையாது. போன ஞாயிறு அவர்களிடம் 7,400 ரூபாய் கொடுத்தேன். இன்றுவரை ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை.

மலையில் மீனே கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். மார்க்கெட்டில் பவானிசாகர் அணை கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் வருகிறது, மத்தியும் அயிலையும் கேரளக் கரையிலிருந்து ஏறி வருகிறது. அன்றாடக் குழம்புக்கு அது போதும். ஆனால் என் மாமியார் வீடு குளச்சல். சீசனுக்கு அத்தை, கொழுந்தனார் குடும்பம், குழந்தைகள் என்று மொத்தமாக வருகிறார்கள். அத்தை தானே பெட்டியில் கட்டி எடுத்து வருகிறேன் என்றார். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ராத்திரியெல்லாம் பயணம் செய்து வருகிறவரிடம் மீன் பெட்டியையும் சுமக்கச் சொல்வதா? நான் இங்கேயே ஏற்பாடு செய்கிறேன் அத்தை என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு மீன் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கடற்கரையில் வாழ்க்கைப்பட்டவள் நான், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மத்திகூட வாங்க மாட்டேன். அதனால் முதலில் வீடியோ கேட்டேன். உடனே அனுப்பினான். ஐஸ் மேல் கிடக்கிறது முழு வஞ்சிரம், விலாவில் மேலிருந்து கீழாக அந்தக் கறுத்த வளைகோடுகள், வாலை நெருங்க நெருங்க மேலும் கீழும் வரிசையாகக் குட்டித் துடுப்புகள், செவுளை விரலால் பிரித்துக் காட்டுகிறான், நல்ல சிவப்பு. சந்தேகமே வேண்டாம், அசல் வஞ்சிரம். அந்த வீடியோவில் இருந்தது.

அப்புறம் தடையைப் பற்றிக் கேட்டேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, மே மாதத்தில் இவ்வளவு பெரிய வஞ்சிரம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்றேன். கொஞ்சமும் தடுமாறவில்லை. "அக்கா, இது கொச்சி மீன். அந்தப் பக்கம் தடை ஜூன்லதான்" என்றான். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரரும் தலையாட்டினார், குளச்சல் பக்கமும் ஜூன் ஒன்றிலிருந்து ஜூலை கடைசி வரைதானே தடை, அவன் சொல்வது சரிதான் என்றார். விரால் செத்து வந்தால் வாங்க மாட்டேன் என்றேன். "ஈரச் சாக்குல சுத்தி உயிரோட அனுப்புவோம் அக்கா, விரால் காத்தையே மூச்சு விடுற மீன், மலை ஏறுற வரைக்கும் ஒண்ணும் ஆகாது" என்றான். அதுவும் சரிதான். விரால் அப்படித்தான், ஈரம் காயாமல் இருந்தால் தண்ணீருக்கு வெளியே மணிக்கணக்கில் தாங்கும், அதனால்தான் சந்தையில் எங்கே பார்த்தாலும் உயிரோடு விற்கிறார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில் சொல்கிறவனை எப்படிச் சந்தேகப்படுவது? என்னை வீழ்த்தியதே அந்தச் சரியான பதில்கள்தான். மீனைப் பற்றி ஒன்றும் தெரியாத திருடன் இல்லை இவன், எல்லாம் தெரிந்த திருடன்.

வஞ்சிரம் 4 கிலோ, கிலோ 1,300 வீதம் 5,200. விரால் 2 கிலோ 1,400. நெத்திலி 2 கிலோ 800. ஆக 7,400 ரூபாய். மொத்தமும் முன்பணம், இல்லையென்றால் பெட்டி ஏறாது என்றான். ஜிபேயில் போட்டேன். வஞ்சிரத்தின் தலையையும் வாலையும் தனியாகக் கட்டி அனுப்பச் சொன்னேன், தலைக்குழம்பு இல்லாமல் அத்தைக்கு இறங்காது. "கண்டிப்பா அக்கா" என்று ஒரு கும்பிடு போட்ட பொம்மை.

பெட்டி மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்தது. பத்து மணிக்கு வரவேண்டியது மதியம் தாண்டி வந்தது. தெர்மாகோல் மூடியைத் திறந்தால் ஐஸ் என்று ஒரு துண்டு இல்லை, கலங்கிய தண்ணீரில் பொட்டலங்கள் மிதக்கின்றன. வஞ்சிரம் என்று எழுதிய பொட்டலத்தில் செக்கச்செவேலென்று மசாலா தடவிய துண்டுகள். மசாலா யார் கேட்டார்கள்? தலை இல்லை, வால் இல்லை. போன் போட்டால் "மசாலா நம்ம அன்பளிப்பு அக்கா, ஃப்ரீதான்" என்கிறான்.

அன்பளிப்பு எதற்கு என்று அத்தை ஒரு துண்டைக் குழாயடியில் பிடித்துக் கழுவியதும் தெரிந்துவிட்டது. வஞ்சிரத்தின் தோல் மெல்லிசாக, வெள்ளிச் சரிகை ஒட்டினாற்போல இருக்கும். இதில் முதுகுப் பக்கம் சாம்பல் நிறம், வயிற்றுப் பக்கம் வெளேரென்று, தடித்த வழவழத் தோல், தோலுக்கு அடியில் மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்பு. "மக்ளே, இது நெய்மீன் இல்ல. கடல்ல பொறந்த சாதியே இல்ல இது" என்றார். குளச்சல்காரர்களுக்கு வஞ்சிரம் நெய்மீன்தான், அதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர். சரி, ஒன்றைப் போட்டுத்தான் பார்ப்போம் என்று தோசைக்கல்லில் வைத்தேன். வஞ்சிரம் என்றால் கல்லில் கெட்டியாக நிற்கும், திருப்பிப் போட்டாலும் உடையாது, ஓரம் முறுகலாகி நடுமுள்ளைச் சுற்றிச் சதை ஏடு ஏடாகப் பிரியும். இது தண்ணீர் விட்டது. எண்ணெய் படபடவென்று தெறித்து, சதை கூழாகிக் கல்லோடு ஒட்டிக்கொண்டது. பங்காஸ். ஆந்திரப் பக்கம் குளத்தில் வளர்க்கிறார்களே, முள்ளெடுத்துப் பாசா என்று விற்கிறார்களே, அந்த வளர்ப்புக் கெளுத்தி. பங்காஸ் கேட்டு பங்காஸ் வாங்கினால் அதில் ஒரு குறையும் இல்லை, குழந்தைகளுக்கு முள் இல்லாமல் கொடுக்க நல்ல மீன்தான். ஆனால் அதன் விலை வஞ்சிரம் விலையில் கால்வாசிகூடக் கிடையாது.

விரால் உயிரோடு வரவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? துண்டு போட்டு வந்தது. விராலுக்கு நல்ல பெரிய செதில் உண்டு, செதிலைச் சுரண்டினாலும் தோலில் அந்த அடுக்கு அடுக்கான தடம் தெரியும். இதில் தடமே இல்லை, மழமழவென்று கறுத்த தோல். வளர்க்கவே கூடாது என்று தடை போட்டிருக்கிறார்களே, அந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். தலை இருந்தால் மீசையைப் பார்த்தே அடித்துச் சொல்லியிருப்பேன். தலை எந்தப் பொட்டலத்திலும் இல்லை, ஏன் இல்லை என்று இப்போது புரிகிறது.

நெத்திலி மட்டும் நெத்திலிதான். ஆனால் வயிறு வெடித்து, தலை கழன்று, கையில் எடுத்தால் குழைகிறது. பொடி மீன் ஐஸ் இல்லாமல் இருந்தால் முதலில் வயிறுதான் போகும்.

குழம்புக்குத் தேங்காய் அரைத்து, மாங்காய் நறுக்கி எல்லாம் தயாராக இருந்தது. கடைசியில் அதில் முருங்கைக்காயைப் போட்டு இறக்கினார் அத்தை. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொழுந்தனார் மட்டும் "அண்ணி, முருங்கைக்காய் கொச்சியா, நம்ம ஊரா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இனி அவன் பேசிய பேச்சைக் கேளுங்கள். முதல் பதில், மசாலா ஊறினால் நிறம் மாறும் அக்கா. தோல் எப்படி மாறும் என்றேன். மலைக் குளிருக்குத் தோல் கொஞ்சம் தடிக்கும் என்றான், நிஜமாகவே சொன்னான், ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. ஐஸ் எங்கே என்றால், வெளியூர் வண்டி மலை ஏற வாங்குகிற அனுமதி இருக்கிறதே, அந்த இ-பாஸ் சோதனையில் வண்டி மாட்டிக்கொண்டதாம். பெட்டி வந்தது அரசு பஸ்ஸில், பஸ்ஸுக்கு எதற்குடா இ-பாஸ்? அதற்குப் பதில் இல்லை. போட்டோ அனுப்புங்கள் என்றான், அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, அத்தோடு சரி. வேறு எண்ணிலிருந்து மேனேஜர் என்று ஒருவர் பேசினார், பேக்கிங் பையன் மாற்றி வைத்துவிட்டான், அந்தப் பையனைத் திட்டித் தீர்த்துவிட்டோம் என்றார். என் 7,400 ரூபாய்? "அடுத்த ஆர்டர்ல 500 ரூபாய் கழிச்சுக்கிறோம் மேடம்." அக்கா போய் மேடம் ஆனதும் எனக்கு விளங்கிவிட்டது. குழுவில் இதை எழுதினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் என்னைக் குழுவிலிருந்தே தூக்கியிருந்தார்கள், என் செய்தியும் அழிந்து போயிருந்தது. அப்படியென்றால் அந்தக் குழுவில் எல்லோரும் நன்றி, அருமை என்று போடுகிறார்களே, எத்தனை பேருடைய புகார் அதற்கு அடியில் புதைந்து கிடக்கிறதோ.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள், பில் இருக்கிறதா என்றார்கள். பில் ஏது? பணம் போன ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான் இருக்கிறது, அதையே இணைத்துப் பதிவு செய்திருக்கிறேன். உணவு வியாபாரம் செய்கிறவன் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் வைத்திருக்க வேண்டும், இவன் பெட்டியில் ஒரு முகவரி கூட இல்லை. 7,400 ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

எந்த மீனை எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், திட்டுவதிலேயே நேரம் போய்விட்டது, குழந்தைகள் வேறு பசி என்கிறார்கள். அவசரத்துக்கு இவ்வளவுதான்: மசாலா தடவிய மீனை முன்பின் தெரியாதவனிடம் வாங்கவே வாங்காதீர்கள். தலையும் வாலும் இல்லாமல் துண்டு வந்தால் பஸ்காரர் முன்னாலேயே திறந்து போட்டோ எடுங்கள். வீடியோ கேட்டால் உங்கள் பெயரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி மீன் மேல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள், எனக்கு வந்தது எந்த வருடத்து வீடியோவோ. விரால் உயிரோடு இல்லையென்றால் வேண்டாம். மலைக் குளிரில் மீன் கெடாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், மே மாத வெயிலில் ஐஸ் இல்லாத பெட்டி இங்கேயும் நாறத்தான் செய்யும். முழுப் பணமும் முன்னால் போடாதீர்கள்.

கோத்தகிரி, அரவேணு, குன்னூர் பக்கம் யாருக்காவது செவுளைப் பிரித்துக் காட்டுகிற அதே வஞ்சிர வீடியோ வந்திருந்தால், வந்த தேதியோடு எனக்கு அனுப்புங்கள். புகாரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.